பச்சைக் கோடு

அந்த அமைச்சகத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் உளறலாம், ஒரு தடையும் இல்லை. ஆனால் எந்த நிற மையில் எழுதுகிறோம் என்பதில் மட்டும் விளையாட்டுக் கூடாது. பச்சை மை அமைச்சருக்கு. சிவப்பு, அவருக்கு அடுத்த படியில் இருக்கும் செயலாளருக்கு. நீலம் துறைத் தலைவர்களுக்கு, பழுப்பு அவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கு. மிச்சம் எல்லோருக்கும் பென்சில், ஏனென்றால் அவர்கள் எழுதுவதை எப்போது வேண்டுமானாலும் அழித்துவிடலாம். ஜெர்மனியில் அரசாங்கம் சட்டப்படி நடக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

கெர்லிண்ட் தீஸன் பென்சில் கூட்டம். மாநில அரசின் மக்கள் ஒற்றுமை அமைச்சகத்தில், அமைச்சரின் அறைக்கு முன்னறையில் உட்கார்ந்திருக்கும் நிர்வாக உதவியாளர். அந்த அமைச்சகத்துக்கு என்ன வேலை என்று கேட்டால் அங்கேயே பலர் வாசல் பலகையைப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்வார்கள். தேர்தல் முடிந்து கூட்டணி பேசியபோது சின்னக் கட்சிக்கு ஒரு நாற்காலி குறைந்தது. உடனே ஒரு நாற்காலி செய்து, அதைச் சுற்றி ஒரு அமைச்சகத்தையும் கட்டினார்கள். கட்டிய பிறகு அதற்கு வேலை என்று ஒன்று வேண்டுமே. மற்ற அமைச்சகங்கள் தங்களுக்குப் பிடிக்காததையெல்லாம் அதன் தலையில் தள்ளிவிட்டன: முதியோர் விடுதிகள், மாற்றுத்திறனாளிகள் இல்லங்கள், பாட்டுச் சங்கங்கள், கிராமத்துத் தீயணைப்புப் படைகளின் ஆண்டு விழாக்கள். தள்ளிவிட்ட நிம்மதியில் அதற்கு ஒற்றுமை என்று பெயரும் வைத்தார்கள்.

அமைச்சர் டாக்டர் யோஸ்ட் ஃபான்ஸலோ. நல்ல உயரம், நல்ல குரல், நல்ல பற்கள். வேறு என்ன இருக்கிறது என்று யாரும் தேடிப் பார்த்ததில்லை. அவர் மறப்பதையெல்லாம் நினைவில் வைத்திருப்பது கெர்லிண்டின் வேலை. எதிரே கை நீட்டிக்கொண்டு வருகிறவர் யாரென்று காதோரம் சொல்ல வேண்டும். எந்த ஊர் விழாவில் எந்த ஜோக்கை ஏற்கெனவே சொல்லிவிட்டார் என்று எச்சரிக்க வேண்டும். ஹெர்ரிங் மீன் ரொட்டியைத் தின்றுவிட்டுப் பேட்டிக்குக் கிளம்பும்போது பல்லிடுக்கில் வெங்காயம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும்போது இல்லை என்றும், இல்லாதபோது கூட்டத்தில் இருக்கிறார் என்றும் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அப்புறம், பேனா. அவருடைய பச்சைப் பேனாவில் மை தீர்ந்தால் மைக்குழாயை மாற்றி, ஒரு கோடு கிழித்துப் பார்த்து, துடைத்து மேசையில் வைக்க வேண்டும். இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் பென்சில்காரியின் கை பச்சையைத் தொடலாம்.

கெர்லிண்ட் இதற்கு முன் ஓஸ்டர்ஹாகன் என்ற கடலோரச் சிற்றூரின் நகராட்சியில் இருந்தவள். அங்கே மேயர் தன் காப்பியைத் தானே போட்டுக்கொண்டு, கையில் அகப்பட்ட பேனாவில் கையெழுத்துப் போடுவார். அமைச்சகத்தில் முதல் நாளே அவள் கைப்பையிலிருந்து ஒரு விளம்பரப் பேனாவை எடுத்து ஏதோ எழுதப் போனாள். அமைச்சரின் அலுவலகத் தலைவன் மால்ட்டே ரோவெடர் அதை இரண்டு விரலால், செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோலப் பிடித்து வாங்கி இழுப்பறைக்குள் போட்டான். வயது முப்பதைத் தாண்டாதவன், பேச்சில் மட்டும் ஓய்வுபெற்ற நீதிபதி. "தீஸன் அம்மா, இது நீலம்," என்றான். அவளுக்கு அன்றைக்குப் புரியவில்லை. மற்றவர்களுக்கு எப்படிப் புரிகிறது என்பதும் கடைசிவரை புரியவில்லை.

இருந்தாலும் அந்த வேலையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். காரணம், தம்பி டெட்லெஃப். வயது ஐம்பதை நெருங்கியும் கணக்கும் கடிகாரமும் பிடிபடாதவன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவனுக்கு ஓஸ்டர்ஹாகனில் கடற்பறவை இல்லத்தில் இடம் கிடைத்தது. அமைச்சகத்தின் மானியத்தில் நடக்கும் இல்லம், அமைச்சர் பக்கத்தில் இருந்தால் அதற்கு ஒரு காவல் என்பது அவள் கணக்கு. அங்கே அவனுக்கு ஒரு அறை, பார்த்துக்கொள்ளத் தக்காளி வளரும் ஒரு கண்ணாடிக்கூடம், எல்லாவற்றுக்கும் மேலாக ஸில்கே. அவளும் அங்கே இருப்பவள்தான். அவன் கை நடுங்கும், அதனால் அவனுடைய உருளைக்கிழங்கை அவள் உரித்துக் கொடுப்பாள். அவளுக்கு இடி என்றால் பயம், அதனால் மழை வந்தால் அவள் காதை இவன் பொத்திவிடுவான். ஊரில் கல்யாணம் செய்து குடும்பம் நடத்துகிற எத்தனையோ பேர் இந்த அளவுக்குக்கூட ஒருவருக்கொருவர் உதவுவதில்லை.

டெட்லெஃபுக்கு அக்காவைப் பற்றித் தாங்க முடியாத பெருமை. என் லிண்டி சொன்னால்தான் அமைச்சரே சாப்பிடப் போவார் என்று இல்லம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். அது பொய்யும் இல்லை.

நவம்பர் மாதத்தில் ஒரு காலை. அமைச்சர் ஒரு பாட்டுச் சங்கத்தின் நூற்றாண்டு விழாவுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். பேனா எழுதவில்லை. அதை மேசையில் எறிந்துவிட்டு, மேலங்கியை மாட்டச் சொல்லி முதுகைக் காட்டி நின்று, மாட்டியதும் போய்விட்டார். கெர்லிண்ட் மைக்குழாயை மாற்றினாள். கோடு கிழித்துப் பார்க்க ஒரு தாள் வேண்டும். மேசை ஓரத்தில் ஒரு தாளின் மேல் அமைச்சரின் காப்பிக் கோப்பை இருந்தது. எடுத்தால், அடியில் பழுப்பாக ஒரு வட்டம். அமைச்சர் கோப்பையை வைக்கிற தாள் குப்பைக்குப் போகிற தாள் என்பது முன்னறையில் எல்லோரும் அனுபவத்தில் கண்டது. அதில் மேலிருந்து கீழே சாய்வாக ஒரு கோடு இழுத்தாள். மை முதலில் தயங்கி, பிறகு குபுக்கென்று இறங்கி, கோட்டின் நுனியில் ஒரு சின்னச் சுழியாக நின்றது. சரி, எழுதுகிறது.

அதற்குள் தொலைபேசி அடித்தது. அமைச்சர் தங்களோடு சேர்ந்து பாடுவாரா, பாடினால் எந்தச் சுருதி என்று பாட்டுச் சங்கத்துக்காரர்கள் கேட்டார்கள். அவர் பாடாமலிருப்பதே சங்கத்துக்கு அவர் செய்யும் மரியாதை என்பதை வேறு வார்த்தைகளில் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. திரும்பி வந்தபோது மேசை காலி. கோப்பு எடுக்கிறவர் வந்து இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிருந்தார். குப்பைத் தாளும் சேர்ந்து போயிற்றா, போகட்டும் என்று அவளும் அடுத்த வேலையைப் பார்த்தாள்.

அது குப்பைத் தாள் இல்லை. கடற்பறவை இல்லத்துக்கு மானியத்தைத் தொடரலாம் என்ற பரிந்துரை. ஓரத்தில் அமைச்சர் பச்சையில் ஒரு டிக் போட்டால் போதும். எதையும் படிக்காமல் டிக் போடுகிற மனிதர், அன்றைக்கு மை இல்லாததால் போடவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

பரிந்துரையை எழுதியவர் நீல மைத் துறைத் தலைவி ரோட்ராவ்ட் எம்கே. பல வருடங்களாக அந்த இல்லத்துக்காக மன்றாடி வந்தவர், அங்கே கிறிஸ்துமஸுக்குப் போய்க் கேக் வெட்டுகிறவர். தாள் அவர் மேசைக்குத் திரும்பி வந்தது. தான் எழுதிய பத்தியின் குறுக்கே, தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை வெட்டியதுபோல ஒரு பச்சைக் கோட்டைப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்தார். கருத்து மாறுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் ஜன்னலைப் பார்த்தார். அதிக நேரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் கூட்டம். குறிப்பெடுக்கக் கெர்லிண்டை உட்கார வைத்தார்கள். என்ன கூட்டம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு கண்ணாடித்தாள் உறைக்குள் ஏதோ காகிதம் கைமாறி வந்துகொண்டிருந்தது. சிலர் வாங்குவதற்கு முன் கையைத் துடைத்துக்கொண்டார்கள். கோடு 'மானியம்' என்ற சொல்லில் தொடங்கி 'தொடரலாம்' என்பதன் நடுவே போகிறது, ஆகவே மானியம் கிடையாது, இதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் கோடு பத்தியோடு நிற்கவில்லை, வால் நீண்டு அடுத்த பத்தியையும் தொட்டிருந்தது. அந்தப் பத்தியில் வேறு சில இல்லங்களின் பெயர்கள் உதாரணத்துக்காகச் சொல்லப்பட்டிருந்தன. உதாரணமாகச் சொன்னதற்காக அவற்றையும் மூடுவதா என்று ஒருவர் இழுத்தார். அமைச்சருடைய வால் காரணமில்லாமல் நீளாது என்று சட்டப் பிரிவுக்காரர் சொன்னதும் அவர் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு சுழி. அதற்குத்தான் பெரிய சண்டை. சுழி என்றால் கனிவு, ஆகவே வருத்தத்தோடு மூட வேண்டும் என்றது ஒரு கட்சி. சுழி என்றால் முடிவு, ஆகவே கோடைக்குள் மூட வேண்டும் என்றது இன்னொரு கட்சி. மதியச் சாப்பாடு ஆறிப்போகும் என்ற நிலை வந்ததும் இரு தரப்பும் விட்டுக்கொடுத்தன: கோடைக்குள், வருத்தத்தோடு.

ரோட்ராவ்ட் எம்கே எழுந்தார். "இந்த இல்லத்துக்காக நான் எவ்வளவு வாதாடியிருக்கேன்னு எல்லாருக்கும் தெரியும். நேத்து அந்தக் கோட்டைப் பாத்த பிறகுதான் புரிஞ்சுது. நான் அந்த ஜனங்களை மட்டுமே நெனச்சிருக்கேன். அமைச்சர்தான் ஒட்டுமொத்தமா யோசிச்சிருக்காரு," என்றார். கை தட்டினார்கள்.

உறை கெர்லிண்டிடம் வந்தது அப்போதுதான். பழுப்பு வட்டத்தைப் பார்த்தாள். சுழியைப் பார்த்தாள். அதற்கு அடியில் கடற்பறவை இல்லம் என்று அச்சடித்திருந்ததைப் படித்தாள். அடுத்து யார் என்ன பேசினார்கள் என்பது அவள் குறிப்பில் இல்லை.

நேரே மால்ட்டேயிடம் போனாள். கோட்டைப் போட்டது தான்தான், பேனாவில் மை வருகிறதா என்று பார்த்ததுதான் அது, தயவுசெய்து நிறுத்துங்கள் என்றாள். மால்ட்டே கதவைச் சாத்தினான். அவளை உட்காரச் சொன்னான், தான் உட்காரவில்லை.

"பச்சையில அமைச்சர் மட்டும்தான் எழுதுவாரு. அது விதி. நீங்க எழுதினீங்கன்னா விதியை மீறியிருக்கணும். இந்த அலுவலகத்துல விதி மீறினதே கிடையாது, போன மாசம்தான் அதுக்கு நமக்கு விருது குடுத்தாங்க. அதனால நீங்க எழுதல."

"என் கையாலதாங்க எழுதினேன்."

"உங்க கையை நான் ஒண்ணும் குறை சொல்லலையே, தீஸன் அம்மா," என்று சொல்லிவிட்டு, பெருஞ்சீரகத் தேநீர் குடித்தால் படபடப்பு அடங்கும் என்று யோசனையும் சொன்னான்.

அடுத்து எம்கே. கிறிஸ்துமஸுக்குக் கேக் வெட்டுகிறவராயிற்றே, மனசு இளகும் என்று நம்பினாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுக் கையை விட்டார். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் தன் கருத்தே மாறியது, அது வெறும் மைச் சோதனை என்றால் தன் கருத்து எதைப் பார்த்து மாறியதாக ஆகும், கொஞ்சம் யோசித்துப் பார் என்றார். தவிர, பச்சையைப் பச்சைதான் அடிக்க முடியும், நீலத்தால் ஆவது ஒன்றுமில்லை. அமைச்சரிடமே போய்ச் சொல்லேன் என்று அனுப்பிவைத்தார்.

அமைச்சரிடம் தனியாகப் பேசுவதற்குள் கோட்டின் புகழ் எங்கேயோ போய்விட்டது. அந்தக் காலத்தில் மாநிலத்தில் எல்லாக் கட்சிகளும் செலவைக் குறைக்கிறேன் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தன, எப்படி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இவர் ஒரே இழுப்பில் செய்துவிட்டார் என்று செய்தி பரவியது. ஹாம்பர்க்கிலிருந்து ஆலோசனை நிறுவனம் ஒன்று வந்து இறங்கியது. அதன் இளைஞர்கள் கோட்டின் சாய்வை அளந்து, அதே சாய்வில் மற்றச் செலவுகளையும் வெட்டலாம் என்று கண்டுபிடித்தார்கள். 'சாய்கோடு' என்று திட்டத்துக்குப் பெயர். சுழியோடு ஒரு சின்னம். சட்டையில் குத்திக்கொள்ளப் பச்சைப் பொத்தான். பத்திரிகைகளில் அமைச்சர் கையைக் கட்டிக்கொண்டு, ஆயிரம் பக்கம் படிக்கிறவன் அதிகாரி, ஒரு கோடு போடுகிறவன் தலைவன் என்று பேட்டி கொடுத்தார். அதில் பாதி உண்மை, அவர் ஆயிரம் பக்கம் படித்ததில்லை.

கடைசியில் தொலைக்காட்சிக்காரர்கள் அவர் கோடு போடுவதைப் படம் பிடிக்க வேண்டும் என்றார்கள். அங்கேதான் சிக்கல். அமைச்சருக்குச் சுழி வரவில்லை. கோடு வந்தது, நுனி மொட்டையாக நின்றது, அல்லது பன்றிக்குட்டியின் வால்போலச் சுருண்டது. மால்ட்டே கெர்லிண்டை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினான். ஏன் அவளை அனுப்பினான் என்று அவன் சொல்லவில்லை, அவளும் அப்போது கேட்கவில்லை. அமைச்சரின் மணிக்கட்டைப் பிடித்து, முதலில் கொஞ்சம் தயங்க வேண்டும், பிறகு அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அவரும் நாக்கை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு ஒழுங்காகப் பயின்றார். தாள் தாளாகத் தம்பியின் வீட்டை அடித்துக்கொண்டே இருந்தார்கள் இருவரும்.

அப்போது சொல்லிவிட்டாள். கோடு யாருடையது, எப்படி விழுந்தது, அந்த இல்லத்தில் தன் தம்பி இருக்கிறான், அவனுக்கு அங்கே ஸில்கே என்று ஒருத்தி இருக்கிறாள், பிரித்தால் இரண்டு பேரும் ஒடிந்துபோவார்கள், எல்லாம்.

அமைச்சர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் கோபப்படவில்லை என்பதுதான் அவளுக்கு முதலில் நம்பிக்கை தந்தது. குழந்தை மாதிரி முகம் சுருங்கிப் போயிற்று அவருக்கு.

"அரசியலுக்கு வந்து இத்தனை வருஷத்துல நான் எடுத்த முடிவு இது ஒண்ணுதான்மா," என்றார். "அதையும் என்கிட்டேந்து புடுங்கப் பாக்கறீங்களே."

அவளுக்கு ஒரு கணம் அவர்மேல் பாவமாகக்கூட இருந்தது. அதற்காகப் பிற்பாடு தன்னையே எவ்வளவோ திட்டிக்கொண்டாள். அமைச்சர் அதற்குள் தேறிவிட்டார். தம்பிக்கு அக்கா என்று ஒருத்தி இருக்கிறாளே, அப்புறம் இல்லம் எதற்கு, இந்தக் கோணத்தை யாரும் தனக்குச் சொல்லவே இல்லையே என்று மால்ட்டேயைக் கூப்பிட்டார். அவர் சொன்னதை மால்ட்டே பக்தியோடு குறித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஓஸ்டர்ஹாகனுக்கு ரயிலேறினாள். இல்லத்தில் எல்லோருக்கும் சேதி தெரிந்திருந்தது. ஸில்கே சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே அழுதாள், அழுகையில் தோலோடு கிழங்கும் போய்க்கொண்டிருந்தது. டெட்லெஃப் அவள் முதுகைத் தடவிக்கொண்டு, அழாதே, லிண்டி இருக்கிறாள், லிண்டிதான் அமைச்சருக்கே மேலே என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அக்காவைக் கண்டதும் அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, ஏன் வந்தோம் என்றிருந்தது கெர்லிண்டுக்கு.

"யாரு லிண்டி மூடறாங்க?"

"மேல இருக்கறவங்க."

"அவங்களுக்குத் தெரியாம இருக்கும். நீ சொல்லேன்."

"சொல்றேன்."

"பாத்தியா," என்றான் ஸில்கேயிடம்.

மூடுவதற்கான ஆணை பனி உருகும் சமயத்தில் அமைச்சரின் மேசைக்கு வந்தது. அமைச்சர் ஊரில் இல்லை, சாய்கோடு பற்றிப் பேச அண்டை மாநிலத்துக்குப் போயிருந்தார். கெர்லிண்ட் ஆணையை எடுத்துப் படித்தாள். எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். வாழ்க்கையில் ரயிலில் சீட்டில்லாமல்கூடப் போகாதவள், பச்சைப் பேனாவைத் திறந்தாள். கொஞ்சம் தயங்கி, பிறகு அழுத்தி, ஆணையின் குறுக்கே மேலிருந்து கீழே சாய்வாக ஒரு கோடு இழுத்தாள். நுனியில் சுழி அழகாக விழுந்தது. பச்சையைப் பச்சைதான் அடிக்கும் என்றார்கள், அடித்தாயிற்று. கோப்பு எடுக்கிறவர் வந்தபோது தானே எடுத்துக் கையில் கொடுத்தாள். அவர் போன பிறகு, பல வாரங்களில் முதல் முறையாக அவளுக்குப் பசித்தது.

சாப்பிடப் போவதற்குள் மால்ட்டே வந்துவிட்டான். கையில் அந்தத் தாள். கதவைச் சாத்திவிட்டு, இந்தத் தடவை உட்கார்ந்தான்.

"இது அமைச்சரோட கோடு இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"சுழி ரொம்ப நல்லா வந்திருக்கு. அவருக்கு இன்னும் வரல."

"அப்ப மொதக் கோடு?"

"அதுவும் நீங்கதான். நீங்க வந்து சொன்ன அன்னிக்கே நம்பிட்டேன். பொய் சொல்ற ஆளா நீங்க? இல்லன்னா அவருக்குக் கத்துக்குடுக்க உங்களை எதுக்கு அனுப்பறேன்?"

இரண்டும் ஒரே கை, ஒரே பேனா, ஒரே கோடு, அது செல்லும் என்றால் இது ஏன் செல்லாது என்று கேட்டாள் கெர்லிண்ட்.

"அது மூடற கோடு. மூடறதை யாரு போட்டாலும் அமைச்சர் போட்டதுதான். இது திறக்கற கோடு. திறந்தா நாளைக்கு யாராவது பொறுப்பேத்துக்கணும். அதனால இது மோசடி," என்றான் மால்ட்டே. குரலில் துளிக்கூடக் கெடுதல் இல்லை, ரயில் நேரம் சொல்வதுபோலச் சொன்னான்.

மோசடி என்றால் போலீஸ், வழக்கு, ஓய்வூதியம் போய்விடும், தம்பிக்குப் பொறுப்பாளராக இருக்கும் உரிமையும் போய்விடும். இதையெல்லாம் அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். அமைச்சகம் அவ்வளவு கொடூரமானதல்ல என்றும் சொன்னான். அவள் தானாக வேலையை விட்டுவிடலாம். தம்பியைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம். கோடையில் 'குடும்பத்துக்குத் திரும்புவோம்' என்று ஒரு பிரச்சாரம் வருகிறது, அதற்கு மனசைத் தொடுகிற மாதிரி ஒரு வீடு வேண்டும். தம்பிக்காக வேலையை விட்ட அக்கா என்றால் பார்க்கிறவர்கள் கண்ணில் தண்ணீர் வரும். ஒரே ஒரு பகல் படப்பிடிப்பு, அவ்வளவுதான். கெர்லிண்ட் தலையை ஆட்டினாள். மறுத்திருக்கலாமே என்று வாசகர்கள் சொல்லக்கூடும். சொல்லலாம், பறிபோகப் போவது அவர்களுடைய தம்பியா என்ன?

கோடைக்குள், வருத்தத்தோடு, இல்லத்தை மூடினார்கள். வருத்தத்துக்காக எம்கே வந்து ஒரு கேக் வெட்டினார். ஸில்கேயை மாநிலத்தின் மறுகோடியில் போலந்து எல்லைப் பக்கம் ஒரு பெரிய விடுதிக்கு அனுப்பினார்கள். அங்கே வாரத்துக்கு ஒருமுறைதான் தொலைபேசி, அதிலும் அவளுக்குப் பேச வராது, மூச்சு மட்டும் கேட்கும். டெட்லெஃப் அக்காவின் இரண்டறை வீட்டுக்கு வந்தான். தக்காளிச் செடி ஒன்றை பால்கனியில் வைத்தான், வெயில் வராததால் அது காய்க்கவில்லை. மழை பெய்தால் எழுந்து ஜன்னலோரம் போய் நிற்பான். யார் மூடினார்கள் என்று கேட்பான். மேலே இருக்கிறவர்கள் என்பாள். அவர்களிடம் சொன்னாயா என்பான். சொன்னேன் என்பாள். காதில் விழுந்திருக்காது, இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லு என்பான்.

அவனுக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது, அது ஒன்றுதான் அவளுக்கு இனி மிச்சம். வேலை போனது பெரிதில்லை, ஊர் சிரித்தாலும் பெரிதில்லை. உலகத்தில் ஒரே ஒரு மனிதன் அவளை நம்பிக்கொண்டிருந்தான்.

படப்பிடிப்பு நாளில் மால்ட்டே காலையிலேயே வந்து சோபாவை நகர்த்தினான், திரையை மாற்றினான். குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த ஸில்கேயின் படம் கதையைக் குழப்பும் என்று எடுத்து இழுப்பறையில் போட்டான். அமைச்சர் பச்சைப் பொத்தானோடு வந்தார். கேமரா ஓடியதும், உங்கள் பெயர் என்னம்மா என்று கெர்லிண்டைக் கேட்டார். சொன்னாள். முன்னே என்ன வேலை பார்த்தீர்கள் என்றார். ஆபீஸ் வேலை என்றாள். தம்பிக்காக விட்டுவிட்டீர்கள், அப்படித்தானே என்றார். கேமராவுக்குப் பின்னால் மால்ட்டே தலையசைத்தான், அவளும் தலையசைத்தாள்.

அமைச்சரின் கண்கள் நனைந்தன, அதில் மட்டும் அவருக்கு யாரும் பயிற்சி தர வேண்டியதில்லை. டெட்லெஃபின் தோளில் கை போட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்தார். "அந்தக் கோட்டைப் போடும்போது என் கை நடுங்கிச்சு. இப்பேர்ப்பட்ட குடும்பங்கள்தான் என் கண் முன்னால நின்னுச்சு. முழுப் பொறுப்பும் என்னுது," என்றார்.

கேமராவை அணைத்தார்கள். விளக்குகளைக் கழற்றினார்கள். அமைச்சர் மேலங்கிக்காகத் திரும்பி முதுகைக் காட்டினார், கெர்லிண்டும் பழக்கதோஷத்தில் எடுத்து மாட்டிவிட்டாள். டெட்லெஃப் அவர் எதிரே வந்து நின்றான். அவன் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீங்கதானா எங்க வீட்டை மூடினது? ஏங்க மூடினீங்க?"

அமைச்சர் மைக்கை அணைத்தாயிற்றா என்று பார்த்துக்கொண்டார். படம் நன்றாக வந்த சந்தோஷத்தில் இருந்தார், யாருக்கும் கெட்டவராக இருக்க அவருக்கு அப்போது விருப்பமில்லை.

"நான் இல்லப்பா," என்று சிரித்தார். "அந்தக் கோடு போட்டது உங்க அக்கா. வேணும்னா அவங்களையே கேளு."

தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். மால்ட்டே பின்னாலேயே போய்க் கதவை மெதுவாகச் சாத்தினான். டெட்லெஃப் அக்காவின் பக்கம் திரும்பினான்.

"நீயா லிண்டி?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது வரவில்லை.

"ஆமா," என்றாள். "தெரியாமப் பண்ணிட்டேன்."

கோபிப்பான், அழுவான், கத்துவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

"அப்ப நீயே திறந்துடலாமே," என்றான். "ஸில்கேவைக் கூட்டிட்டு வந்துடலாம்."

நடைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து, நடுங்கும் கையால் ஷூவை மாட்டிக்கொள்ள ஆரம்பித்தான்.